"வாயில் விரல் வை" சொல்வதை விட்ட பிறகு என்மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உங்களுக்கும் இப்படி ஆனதா?

எல்கேஜி மிஸ் (திண்டுக்கல்) கேட்டது:

பதினான்கு வருடமாக எல்கேஜி எடுக்கிறேன். தனியார் நர்சரி பள்ளி. இந்த வருடம் என் வகுப்பில் 34 குழந்தைகள். எனக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயாம்மா. பள்ளியிலேயே சத்தம் இல்லாத வகுப்பு என்னுடையது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. கரஸ்பாண்டன்ட் யாரையாவது அழைத்து வந்து பள்ளியைச் சுற்றிக் காட்டினால் முதலில் என் வகுப்புக்குத்தான் வருவார். "வாயில் விரல் வை" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அத்தனை விரலும் வாய்க்குப் போய்விடும்.

இந்த ஜூனில் பள்ளியில் எஸ்இஎல் கொண்டுவந்தார்கள். சமூக மனவெழுச்சிக் கற்றல். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து மே மாதக் கடைசியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. ஆளுக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு ஆமைக் கைப்பொம்மை, எட்டு முகப் படங்கள் (சந்தோஷம், கோபம், பயம், வருத்தம், வெட்கம் இப்படி), கதை அட்டைகள், அப்புறம் ஒரு கட்டுப் படிவம். தினமும் காலையில் பிள்ளைகள் தங்களுக்கு எந்த முகம் என்று காட்ட வேண்டும். கோபம் வந்தால் ஆமை மாதிரி கையைக் கட்டித் தலையைக் குனிந்து மூன்று மூச்சு விட வேண்டும். பிறகு என்ன நடந்தது என்று வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, முழங்காலிட்டு அவர்கள் கண் உயரத்துக்கு வந்து பேச வேண்டும்.

நல்ல விஷயம்தான். நான் எதிர்க்கவில்லை. முதல் மூன்று வாரம் சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

ஜூலையில் ஒரு நாள் காலை. வகுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒரு சேட்டையும் கிடையாது, சொன்ன இடத்தில் சொன்னபடி உட்காரும். பயம் படத்தை எடுத்து நீட்டியது. எதுக்குடா கண்ணு பயம் என்று கேட்டேன். "மிஸ் கத்துவீங்கல்ல, அப்ப" என்றது. நான் கத்துவதை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஜூன் முதல் வாரத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ குரலை உயர்த்தியிருப்பேன், அதுவும் வேறு பிள்ளைகளிடம். அது இன்னும் அந்த வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்தது. என் வகுப்பு அமைதியாக இருந்தது பிள்ளைகள் நன்றாக இருந்ததாலா, பயந்ததாலா? 2016இல் என்னிடம் படித்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டே இருந்தான் என்று வராந்தாவில் நிற்க வைத்தேன். அங்கேயே டிராயரை நனைத்துவிட்டான். சாயங்காலம் அவன் அம்மாவிடம் "பழகிடும்மா, எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் பழகிக்கொண்டான், உண்மைதான். ஒரு வாரத்தில் அழுவதை நிறுத்திவிட்டான். அதைத்தான் நான் இத்தனை வருடம் என் திறமை என்று கணக்கில் வைத்திருந்தேன்.

இப்போது வகுப்பில் சத்தம். அடக்கி வைத்திருந்ததை எல்லாம் என்னிடம் கொண்டுவருகிறார்கள். "மிஸ், இவன் என் பென்சிலைப் பாத்தான்" என்றுகூட அழுகை. எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கை தடுமாறுகிறது. பதினான்கு வருடம் யோசிக்காமல் செய்த வேலையில் இப்போது ஒவ்வொரு நிமிடமும் யோசிக்கிறேன். கரஸ்பாண்டன்ட் என் வகுப்புக்கு ஆள் அழைத்து வருவதை நிறுத்திவிட்டார். நேற்று வேலைக்குச் சேர்ந்த யுகேஜி மிஸ் "என்ன மிஸ், உங்க கிளாஸா இது" என்கிறாள்.

வீட்டுக்குப் போனால் இன்னொரு கதை. பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் போன வாரம் சொன்னாள்: "ஊரு பிள்ளைங்ககிட்ட எல்லாம் பொறுமையா இருந்துட்டு, மிச்சத்தை எங்கிட்டதான் கொட்டுற." அவள் சொன்னதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை இரவு படிவம் வேறு. ஒரு குழந்தைக்கு 12 கேள்வி. 34 பேருக்கு 408 டிக். "பிறர் உணர்வைப் புரிந்துகொள்கிறது: எப்போதும், சில நேரம், அரிதாக." மூன்றரை வயதுக் குழந்தைக்கு.

நான் கேட்பது இதுதான். இந்த மாதிரித் திட்டம் வந்த பிறகு உங்கள்மேல் உங்களுக்கே நம்பிக்கை குறைந்ததா? அது திரும்பி வருமா? நான் தப்பாகச் செய்வதால் இப்படி ஆகிறதா? தயவுசெய்து யோகா செய்யுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். காலை 5 மணிக்கு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிறவள் நான்.

காவிரிக்கரை டீச்சர் எழுதியது:

அக்கா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். உங்கள் பதிவை எங்கள் உதவியாளர் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அந்தப் பையன் கதை வந்ததும் இரண்டு பேருமே பேசவில்லை. எங்களுக்கும் அப்படி ஒருவன் இருக்கிறான்.

எங்களிடம் 19 பிள்ளைகள். ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற பாடத்திட்டத்தில்தான் பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் போகும். உணர்வு பற்றியும் அதற்குள்ளேயே வரும். ஆனால் அதே நேரத்தில் எடை பார்க்கணும், உயரம் அளக்கணும், போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் ஏற்றணும், சத்துமாவுக் கணக்கு, முட்டைக் கணக்கு, கர்ப்பிணிப் பெண்கள் வீட்டுக்குப் போகணும். நெட்வொர்க் கிடைக்காமல் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு பிள்ளை வந்து புடவையை இழுத்தால், முழங்காலிட்டுக் கண் உயரத்துக்கு வருவதெல்லாம் எங்கே நடக்கும்? அதனால் உங்கள் 408 டிக் எனக்குப் புரிகிறது. பொறுமை குறைந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். முகப் படம் எங்களிடமும் உண்டு, நானே சாக்கலேட் டப்பா அட்டையில் வரைந்தது. போன வருடம் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், ராத்திரி எல்லாம் முழித்துவிட்டுக் காலையில் வந்தேன். எனக்கே தெரியாமல் மூஞ்சி இறுகியிருந்திருக்கும். பிள்ளைகள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். சரி என்று படங்களைக் கீழே பரப்பி, "டீச்சருக்கு இன்னைக்கு எந்த முகம், எடுங்க" என்றேன். கோபத்தைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு வாலு வந்து தூங்குகிற முகத்தை எடுத்து என் மடியில் வைத்தான். ஆமாடா, டீச்சருக்குத் தூக்கம், உங்க மேல கோபம் இல்ல என்றேன். அன்றைக்கு ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து தினமும் எனக்கும் உதவியாளர் அக்காவுக்கும் சேர்த்து முகம் எடுக்கிறோம். நடிக்க வேண்டியதில்லை என்று ஆனதே எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி. நீங்களும் செய்து பாருங்கள்.

அழுதுகொண்டே வருகிற பிள்ளைக்கு நான் பாய் விரிக்கிற வேலை கொடுப்பேன். பேசச் சொன்னால் அழுகை கூடும். பாயை இழுத்து நேராக்குவதற்குள் பாதி தேறிவிடும். பேச்சு அப்புறம்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா எழுதியது:

மேடம், மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நாங்கள் எல்லாம் அடி வாங்கிப் படித்தவர்கள்தான். அந்தப் பையனை நிற்க வைத்ததை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் சின்னவன் யுகேஜி. வகுப்பில் எப்போதும் சத்தம், மிஸ் முகப் படம்தான் காட்டுகிறார், எழுத்து எப்போது கற்றுக்கொள்வான் என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் யார் அவனுக்கு ஆமை காட்டப் போகிறார்கள்? கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்கேஜி மிஸ் எழுதியது:

சார், தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் வரை நானும் பெற்றோர் கூட்டத்தில் இதையேதான் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு விஷயம். பயந்த பிள்ளை எழுதும், ஆனால் தெரியாததைக் கேட்காது. என்னிடம் படித்த எத்தனையோ பேர் அ எழுதிவிட்டு ஆவில் மாட்டிக்கொண்டு, கேட்கப் பயந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நோட்டு சுத்தமாக இருக்கும், நானும் ஸ்டார் போட்டுவிடுவேன். இந்த வருடம்தான் "மிஸ், இது வரல" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் பையனுடைய மிஸ்ஸிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவன் கேள்வி கேட்கிறானா என்று.

காவிரிக்கரை டீச்சர், தூங்குகிற முகம் எங்கள் பெட்டியில் இல்லை. இன்றைக்கு வரைந்துவிட்டேன்.

ஒஹாயோ அக்கா எழுதியது:

மிஸ், நான் ஊரில் எம்.எட். முடித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் ஒஹாயோவில் ஒரு ஹெட் ஸ்டார்ட் மையத்தில் வேலை செய்கிறேன். ஹெட் ஸ்டார்ட் என்பது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1965இல் தொடங்கிய அரசுத் திட்டம், நம் பால்வாடியோடு ஒப்பிடலாம். நம்பிக்கை குறைந்ததா என்று நீங்கள் கேட்ட வரியைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

சிகாகோவில் சிபெல் ரேவர் என்பவர் தலைமையில் ஒரு திட்டம் நடந்தது. 18 ஹெட் ஸ்டார்ட் மையங்கள், 35 வகுப்பறைகள், 90 ஆசிரியர்கள். பாதி மையங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதோடு மனநல ஆலோசகர் ஒருவரை வாரம் தவறாமல் வகுப்புக்கே அனுப்பினார்கள். ஆசிரியரின் சொந்த மன அழுத்தத்துக்கென்று தனியாகவும் உதவி இருந்தது. பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று நிறைய எழுதினார்கள். 2011இல் ஒரு கட்டுரை ஆசிரியர்களுக்கு என்ன ஆனது என்று மட்டும் பார்த்தது. தன் வேலை தன் கையில் இருக்கிறது, வேலைக்குத் தேவையான ஆதரவு கிடைக்கிறது என்ற எண்ணம் ஆசிரியர்களுக்குக் கூடியிருந்தது. வேலைப் பளு பற்றிய எண்ணத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை. பிள்ளைகளின் நடத்தையைக் கையாள முடியும் என்ற நம்பிக்கை குறைந்திருந்தது. ஆமாம், குறைந்திருந்தது.

முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சி. பிறகு என் முதல் வருடத்தை நினைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தை ஏன் கடிக்கிறது என்று யோசிக்கத் தெரியாதவரை, கடித்தால் மூலையில் உட்கார வை, முடிந்தது. யோசிக்கத் தெரிந்த பிறகு அதே குழந்தைக்கு முன்னால் பத்து வழி தெரிகிறது, எது சரி என்று தெரியவில்லை. நம்பிக்கை குறையாமல் என்ன செய்யும்? இது என் புரிதல்தான், அந்தக் கட்டுரை இப்படிச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் தப்பாகச் செய்கிறீர்கள் என்பதற்கு இது அடையாளம் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

திரும்பி வருமா என்று கேட்டீர்கள். எனக்கு வந்தது, இரண்டாவது வருட நடுவில். ஆனால் தனியாக வரவில்லை. எனக்கு ஒரு கோச் இருந்தார். வாரம் ஒரு முறை வந்து வகுப்பின் பின்னால் உட்காருவார், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அரை மணி என்னோடு பேசுவார். குறை சொல்ல மாட்டார். "அவன் பிளாக்கை எறிந்தபோது உன் தோள் மேலே ஏறியது, கவனித்தாயா?" என்று கேட்பார். அவ்வளவுதான். எனக்கு அன்று என்ன வீட்டுப் பிரச்சினை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அழுதிருக்கிறேன். இங்கே மூன்று வகை எஸ்இஎல் திட்டங்களை 17 ஹெட் ஸ்டார்ட் அமைப்புகளில் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்து 2014இல் அறிக்கை கொடுத்தார்கள். அதிலும் பயிற்சி நாட்களோடு நிறுத்தவில்லை, வருடம் முழுக்கக் கோச் வாராவாரம் வகுப்புக்குப் போனார். உங்கள் கையில் இருக்கிற ஆமை 1970களிலேயே வந்த உத்தி. அது பொம்மையாகப் பெட்டியில் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. கூட வர வேண்டிய ஆள் வரவில்லை.

இன்னொன்று. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார், சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வதும் உழைப்புதான் என்று. உள்ளே ஒன்று கொதிக்க, வெளியே சிரித்தால் ஆள் சீக்கிரம் களைத்துப்போவார். உங்கள் மகள் சொன்ன "மிச்சம்" அதுதான். காவிரிக்கரை டீச்சர் தன் முகத்தையும் தரையில் பரப்பியது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கே தெரியுமோ தெரியாது. அந்த ஒன்றை எங்கள் மையத்தில் நாளைக்கே செய்யப் போகிறேன்.

பயிற்சிக்குப் போகிறவர் எழுதியது:

நான் இந்த மாதிரிப் பயிற்சிகளை நடத்துகிற பக்கம் இருக்கிறவன். ஐந்து வருடமாக. உங்கள் பதிவைப் படித்து இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு நாள் பயிற்சியில் ஒன்றரை நாள் பெட்டியில் இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது என்று போய்விடும். ஆசிரியருக்கு என்ன நடக்கும் என்று ஒரு மணி நேரம்கூடப் பேசியதில்லை. பழைய பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள், குற்ற உணர்ச்சி வரும், அது வரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்தத் திட்டங்களில் கத்தாதே என்று சொல்கிற அளவுக்கு, எல்லையை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பது குறைவு. எல்லா உணர்வும் சரி, எல்லாச் செயலும் சரி இல்லை. "உனக்குக் கோபம், தெரியுது. அடிக்க விடமாட்டேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லலாம், குரல் உறுதியாக இருக்கலாம். 34 பேரின் பென்சில் புகாரையும் அப்போதே கேட்க வேண்டியதில்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லு, மிஸ் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கேட்டுவிட்டால் போதும். பாதி பேர் மறந்திருப்பார்கள்.

அந்தப் படிவம் பிள்ளைகளுக்காக அல்ல, பள்ளியிடம் கொடுக்கிற அறிக்கைக்காக. நிர்வாகத்திடம் கேளுங்கள், மாதம் ஒரு முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு பிள்ளைகள் என்று பிரித்துத் தரச் சொல்லி. திட்டத்துக்கு ஒரு குறையும் வராது. அப்புறம், உங்கள் ஆயாம்மாவைப் பயிற்சிக்கு அழைத்தார்களா?

எல்கேஜி மிஸ் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, நடுவில் பரீட்சை.

ஆயாம்மாவை அழைக்கவில்லை சார். அந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டாய்லெட்டுக்கு அழைத்துப் போவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, சாயங்காலம் அம்மா வரத் தாமதமானால் கூட உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர்தான். வகுப்புக்குள் நான் முழங்காலிட்டுப் பேசுகிறேன், டாய்லெட் வாசலில் "ஒழுங்கா நில்லு, பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிரும்" என்று அவர் குரல் கேட்கிறது. அவர்மேல் என்ன தப்பு? ஒரு மத்தியானம் ஆமையை அவர் கையில் மாட்டிவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில யாரும் இப்படிக் கேட்டதில்ல மிஸ்" என்றார். பொம்மையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இப்போது என்னைவிட அவரிடம்தான் பிள்ளைகள் ஆமை கேட்கிறார்கள்.

என் முகத்தையும் தினமும் காலையில் எடுக்கச் சொல்கிறேன். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது, பயம் படத்தை எடுத்த அந்தப் பெண் குழந்தையே எனக்கும் எதையாவது எடுத்துவிடுமோ என்று. அது எடுக்கவில்லை, வேறு ஒருவன் சந்தோஷத்தை எடுத்தான். உண்மையில் அன்றைக்கு எனக்குத் தலைவலி. இல்லடா, மிஸ்ஸுக்குத் தலை வலிக்குது என்றேன். அரை மணி நேரம் மெதுவாகப் பேசினார்கள். விரல் வைக்கச் சொல்லாமலே.

ஒஹாயோ அக்கா, உங்கள் பதிவை மகளிடம் காட்டினேன். "அப்ப உனக்கு ஒரு கோச் வேணும்" என்றாள். இங்கே யார் அனுப்புவார்கள்? அதனால் பக்கத்துப் பிரிவு மிஸ்ஸும் நானும் வியாழக்கிழமை தோறும் பள்ளி விட்ட பிறகு கால் மணி நேரம் அவள் ஸ்கூட்டி பக்கத்தில் நின்று பேசுகிறோம். அந்த வாரம் எந்தப் பிள்ளையிடம் எங்களுக்குக் கோபம் வந்தது, எதற்கு வந்தது என்று மட்டும். போன வாரம் அவள் தன் 2016ஐச் சொன்னாள். அவளுக்கு அது 2019.

நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது வருட நடுவில் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஞாயிறு இரவு வயிற்றில் வருகிற அந்தப் பிசைவு குறைந்திருக்கிறது.

படிவம் பற்றிக் கேட்கலாம் என்று நாலு மிஸ் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாதம் ஒரு முறை, நாளைக்கு நான்கு பிள்ளைகள், ஆயாம்மாவுக்கும் பயிற்சி, மூன்றாவதாக அந்த நிறுவனத்திலிருந்து மாதம் ஒரு தடவையாவது ஒருவர் வந்து வகுப்பில் உட்கார வேண்டும் என்று. கரஸ்பாண்டன்ட் சனிக்கிழமை பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.